வகுப்பில் ஒரே ஒரு பிங்க் டவர்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் கலந்து உட்காரும் எங்கள் மாண்டிசோரி வகுப்பில் பிங்க் டவர் ஒன்றே ஒன்றுதான். பத்து மரக்கட்டைகள், ஆகச் சிறியது ஒரு சென்டிமீட்டர் கனசதுரம், ஆகப் பெரியது பத்து சென்டிமீட்டர். தரையில் பாய் விரித்து, ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி வந்து, பெரியதின் மேல் சிறியது என்று அடுக்க வேண்டும். அடுக்கி முடித்த பிறகு கலைத்து, மறுபடி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அலமாரியில் அதே இடத்தில் வைக்க வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஒன்றுதான்.

ஜூன் மாதம் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரின் கண்ணில் முதலில் படுவது இதுதான். "இத்தனை பிள்ளைங்களுக்கு ஒண்ணுதானா டீச்சர்? இன்னொரு செட் வேணா நாங்க வாங்கித் தாரோம்" என்பார்கள். நல்ல மனதோடு சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏன் வேண்டாம் என்பதை விளக்க உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பணம் இல்லாததால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முறையே அப்படித்தான். ஒரு குழந்தை டவரை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னொருவனுக்கும் அது வேண்டும். அவன் பிடுங்கலாம், அழலாம், காத்திருக்கலாம். பிடுங்க இந்த வகுப்பில் இடமில்லை. அழுதால் மடியில் உட்காரவைத்துக்கொள்வோம், ஆனால் அவளிடமிருந்து வாங்கித் தரமாட்டோம். மிச்சமிருப்பது காத்திருப்பது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான வேலை உலகத்தில் கிடையாது. முதல் வாரங்களில் அவன் பாயின் ஓரத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். பிறகு நடந்து போய் வேறு ஒன்றை எடுப்பான், ஆனால் கண் டவர் மேலேயே இருக்கும். ஒருநாள் அது அலமாரிக்குத் திரும்பிவிட்டது என்று பார்த்து, ஓடாமல் நடந்து போய் எடுத்துக்கொள்வான்.

வைத்திருக்கும் குழந்தையின் பக்கமும் இதில் உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். "போதும், அவனுக்குக் குடு" என்று எந்தப் பெரியவரும் வந்து சொல்லமாட்டார். அதனால் அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. வீட்டில் "தம்பி பாவம், குடுத்துரு" என்று நாம் வாங்கிக் கொடுக்கும்போது, பெரியவள் கற்றுக்கொள்வது பகிர்வதை அல்ல; அழுதால் கிடைக்கும் என்று தம்பியும், என் கையில் இருப்பது எந்த நேரமும் போய்விடும் என்று அவளும் கற்றுக்கொள்கிறார்கள். பறிபோகாது என்று நம்பும் பிள்ளைதான் தானாக எழுந்து, "நான் முடிச்சிட்டேன், நீ எடுத்துக்கோ" என்று சொல்லும். என் வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

சமாதானத்தைப் பற்றிக் குழந்தைகளிடம் பேச வாருங்கள் என்று அவ்வப்போது பள்ளிகள் கூப்பிடுவார்கள். ஐ.நா. சபையின் உலக அமைதி தினம் செப்டம்பர் 21-ம் தேதி வருகிறது. அன்று வெள்ளைச் சட்டை, புறா படம், நெற்றியில் பச்சை இலை வரைந்த முகமூடி, மைக்கில் ஒரு பாட்டு. பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அன்று எது கற்றுக்கொடுக்கப்பட்டது என்று பார்த்தால், புறாவுக்கு எந்த வண்ணம் அடிக்க வேண்டும் என்பதுதான். வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்றவன் முதுகில் குத்தியதற்கு என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதை யாரும் அன்று சொல்லித்தரவும் இல்லை.

இந்த டவரை வடிவமைத்த மரியா மாண்டிசோரி இதைப் பற்றி நிறைய யோசித்தவர். அவர் நம் ஊரில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1907-ல் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் வகுப்பைத் தொடங்கிய அந்த மருத்துவர், 1939-ல் தம் 69-வது வயதில் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. நாடெங்கிலுமிருந்து 300 பேர் போல வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களில் முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர். உலகப்போர் மூண்டிருந்தது. 1940 ஜூனில் இத்தாலி ஹிட்லரின் பக்கம் சேர்ந்து போரில் இறங்கியதும், இத்தாலியர்கள் அத்தனை பேரும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். அவருடைய மகன் மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி வெளியே போக வரக் கட்டுப்பாடு. அந்த ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகனை விடுவித்தார்கள். பிறகு 1942-ல் ஜப்பான் சென்னையைத் தாக்கும் என்ற பயத்தில் ஊர் காலியானபோது, அம்மாவும் மகனும் கொடைக்கானலில் தங்கி, அங்கே சிறு பள்ளி ஒன்றை நடத்தினார்கள். அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பியது 1946-ல்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சமாதானத்துக்கான கல்வி என்று அவர் பேசியதை, வசதியாக உட்கார்ந்து பேசிய பேச்சாக நினைத்துவிடக் கூடாது. முசோலினியோடு ஒத்துப்போக முடியாமல் 1934-ல் சொந்த நாட்டைவிட்டு வெளியேறியவர். ஜெர்மனியில் நாஜிகள் அவருடைய பள்ளிகளை மூடினார்கள், புத்தகங்களை எரித்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1932-ல் ஜெனீவாவில் அவர் ஓர் உரை ஆற்றினார். போர் நின்றுபோவதை மட்டும் சமாதானம் என்று சொல்லிக்கொள்கிறோம், தோற்றவன் வாயடைத்துக் கிடப்பதைச் சமாதானம் என்கிறோம், அது சரியா என்று கேட்டார். மனிதன் சந்திக்கும் முதல் சண்டையே பெரியவருக்கும் குழந்தைக்கும் நடுவில்தான் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். பலம் இருப்பவர் சொல்வதே சட்டம் என்பதை வீட்டில் கற்றுக்கொண்ட பிள்ளை, வளர்ந்து வேறெதை நம்பும்? 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை.

என் வகுப்புக்கு வருகிறேன். பாயைப் பற்றி ஒரு விதி இருக்கிறது: யாருடைய பாயையும் மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். படுத்திருப்பவரைத் தாண்டாதே என்று வீட்டில் ஆச்சி சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். பாய் விரித்தவரின் இடம் அது, பாய் சுருட்டும் வரைக்கும். ஆனாலும் மிதித்துவிடுவார்கள். குழந்தைகள்தானே.

ஒரு மழைக்கால நாள். ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி ஒன்பது கட்டை வரை அடுக்கியிருந்தாள். மூன்றரை வயதுப் பையன் குறுக்கே ஓடினான், அத்தனையும் சரிந்தது. அவள் கத்திய கத்தில் வகுப்பே திரும்பியது. வகுப்பின் மூலையில் இரண்டு சிறு நாற்காலிகளும் நடுவே ஒரு மணையும் உண்டு. மணைமேல் தாமிரபரணியில் எடுத்த ஒரு கூழாங்கல் இருக்கும். கல்லைக் கையில் வைத்திருப்பவர் பேசலாம், மற்றவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். கல் வழவழவென்று குளிர்ச்சியாக இருக்கும். கோபமாக வரும் பிள்ளை முதலில் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் போய் உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன்.

"இவன் வேணும்னே மிதிச்சிட்டான்."

கல் கை மாறியது.

"நான் மிதிக்கல. கால் தட்டிட்டு."

"சுத்திப் போயிருக்கணும்லா. பாய் கிடக்குல்லா."

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எனக்கு உள்ளே என்னென்னவோ வாய்வரைக்கும் வந்தது. பேசாமல் இருந்தேன்.

"நான் மழ பாக்கப் போனேன்."

"எங்கன மழ?"

கல்லை மணையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். டவர் ஒரு மணி நேரம் அப்படியே சரிந்து கிடந்தது. பிறகு அவளே வந்து முதலிலிருந்து அடுக்கினாள். அவன் சாரி சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இதை வீட்டில் சொன்னால், "அது எப்படி, தப்பு செஞ்சவன் மன்னிப்புக் கேட்கவேண்டாமா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டும்தான். ஆனால் பெரியவர் கையைப் பிடித்து இழுத்து வந்து "சாரி சொல்லு, சொல்லு, சத்தமாச் சொல்லு" என்று வாங்கும் சாரியில், தவறு செய்தவனுக்கு அவமானம் மட்டும் மிஞ்சுகிறது, அடிபட்டவளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது, அவன் வேண்டுமென்றே செய்தானா என்பதற்கு ஒரு பதில். அது கிடைத்தது. மழை பார்க்க ஓடியவன் மேல் யாருக்கு எவ்வளவு நேரம் கோபம் இருக்கும்?

உண்மையில் நம் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு ஏற்பாடு முன்பே இருக்கிறது. சண்டை என்றால் காய் விடுவார்கள், சேர்ந்தால் பழம் விடுவார்கள். எந்த விரலை நீட்ட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும், முறை மாறாது. எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுத்தது அல்ல, பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, காய் விடுவதற்கு உள்ள மரியாதை. உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று அடிக்காமல், வையாமல், முகத்துக்கு நேரே அறிவித்துவிடுகிறது அந்தப் பிள்ளை. பேச்சு நிற்கிறது, உறவு முறியவில்லை, பழம் விடும் வழி திறந்தே இருக்கிறது. பெரியவர்கள் நடுவில் புகுந்து "என்ன காயும் பழமும், ஒழுங்கா சேர்ந்து விளையாடு" என்று அதட்டும்போது அந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறோம். காய் விட்ட பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுங்கள். அநேகமாகச் சாப்பாட்டு மணிக்குள் பழம் விட்டுவிடுவார்கள்.

இனி மௌனம். கைகட்டி, வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருக்கும் வகுப்பைப் பார்த்தால் வெளியிலிருந்து வருகிறவர்கள் பாராட்டுவார்கள். எனக்கு அந்த வகுப்புகளைப் பார்த்தால் பயமாக இருக்கும். பிரம்பு எங்கே இருக்கிறது என்று கண் தேடும். மாண்டிசோரி வகுப்பிலும் மௌனம் உண்டு, அது விளையாட்டு. சான் லொரென்சோவில் ஒருநாள் மாண்டிசோரி நான்கு மாதக் கைக்குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்து, இவளைப் போல உங்களால் அசையாமல் இருக்க முடியுமா என்று கேட்டாராம். பிள்ளைகள் மூச்சைக்கூட மெல்ல விட்டு முயன்றார்களாம். அதிலிருந்து வந்தது இது. நாங்கள் ஜன்னலைப் பாதி சாத்துவோம். எல்லோரும் அவரவர்க்கு வசதியாக உட்காருவார்கள். நான் அடுத்த அறைக்குப் போய், ஒவ்வொரு பெயராக, காற்று மாதிரி மெல்லக் கூப்பிடுவேன். பெயர் கேட்டவர் சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். கடைசியாகக் கூப்பிடப்படும் பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது பாருங்கள், தன் பெயர் விட்டுப்போகாது என்ற நம்பிக்கையில். முடிந்த பிறகு என்ன கேட்டது என்று கேட்பேன். பக்கத்து வீட்டுக் குக்கர் என்பான் ஒருவன். பழைய பேப்பர்காரர். அணில். "அவ மூச்சு விடுறது கேட்டுது" என்று ஒரு பிள்ளை தன் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். ஒரே அறையில் தினமும் உட்கார்ந்திருக்கும் இன்னொரு உயிரின் மூச்சை நின்று கேட்ட பிள்ளை அது. கட்டளைக்கு அடங்கிய வாயிலிருந்து அந்தப் பதில் வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு அப்பாமார்களின் கேள்வி வரும். "எவனாவது அடிச்சா திருப்பி அடிலேன்னுதான் டீச்சர் சொல்லியிருக்கேன். நீங்க இப்படிச் சாதுவா வளத்தா நாளைக்கு ரோட்டுல எப்படிப் பொழைப்பான்?" நியாயமான பயம். இதை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. பாரதியின் பாப்பாப் பாட்டை எல்லாப் பால்வாடியிலும் பாடுகிறோம். கூடி விளையாடு, ஒரு குழந்தையை வையாதே என்று தொடக்கத்தில் சொல்கிறவர்தான், பாதகம் செய்பவரைக் கண்டால் பயங்கொள்ளலாகாது, மோதி மிதித்துவிடு, முகத்தில் உமிழ்ந்துவிடு என்கிறார். ஒரே பாட்டு, ஒரே பாப்பா. பல பள்ளிகளில் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்துவதில்லை. உமிழ்வதை வகுப்பில் அனுமதிப்பதில்லை, ஆனால் அந்தக் கோபம் பிள்ளைக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். அடிபட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் பிள்ளையை நல்ல பிள்ளை என்று மெச்சுவது, அடிக்கிறவனுக்குத் துணைபோவது.

அதனால் கையை நேரே நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, "நிறுத்து. எனக்குப் பிடிக்கல" என்று வயிற்றிலிருந்து சத்தம் எடுத்துச் சொல்லப் பழக்குகிறோம். கூச்சமுள்ள பிள்ளைகளைத் தினமும் சொல்லவைக்கிறோம், சுவரைப் பார்த்தாவது சொல்லட்டும் என்று. இதில் பாதி வேலைதான் பிள்ளையுடையது. அந்தச் சத்தம் கேட்டதும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பெரியவர் ஒருவர் அங்கே போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும். "நிறுத்து" என்று சொல்லியும் யாரும் வரவில்லை என்று இரண்டு மூன்று தடவை கண்டுகொண்ட பிள்ளை, அப்பா சொன்ன வழிக்குத்தான் போகும். அதில் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது நாங்குநேரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனை, உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பதும் அதில் ஒரு பரிந்துரை. கயிற்றை அவிழ்க்க வேண்டும்தான். ஆனால் பதினாறு வயதுப் பையன் கையில் அந்தக் கயிறு ஏறுவதற்கு வெகு முன்பே அவன் காதில் ஏறியிருக்கிறது.

என் வகுப்பில் மதியம் இரண்டு பிள்ளைகள் முறைவைத்து எல்லோருக்கும் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். சிறு ஜாடி, சிறு டம்ளர், சிந்தினால் துடைக்கத் துணி. ஒருநாள் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று டம்ளரைக் கையால் மூடிக்கொண்டது. "இவ ஊத்துனா குடிக்கக் கூடாதுன்னு ஆச்சி சொன்னாங்க." ஜாடியைப் பிடித்திருந்தவள் எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் பிரசங்கம் செய்யவில்லை. "நம்ம வகுப்புல முறைக்காரங்க ஊத்துற தண்ணியத்தான் எல்லாரும் குடிப்போம், நானும் குடிப்பேன்" என்று என் டம்ளரை நீட்டினேன். மறுநாளும் முறையை மாற்றவில்லை. சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். ஆச்சி காபி கொடுத்தார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை இரண்டு நாள் கழித்து டம்ளரிலிருந்து கையை எடுத்தது, அதற்கும் தாகம்தானே. ஆச்சி மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. பேத்திக்கு இரண்டு உலகம் இருக்கிறது என்பது இப்போது தெரியும், எந்த உலகம் தன்னுடையது என்பதை அவள்தான் பின்னால் முடிவு செய்வாள். அந்த முடிவை எடுக்க அவளிடம் ஒரு மாற்று அனுபவமாவது இருக்கிறது.

தொலைவில் நடக்கும் போர்களைப் பற்றி என்ன சொல்வது? காசாவில் இடிபாட்டுக்குள்ளிருந்து தூக்கிவரும் குழந்தைகளைத் தாத்தாவின் செல்போனில் பார்த்துவிட்டு வந்த ஐந்து வயதுப் பிள்ளை, "அந்தப் பாப்பாவோட அம்மா எங்கக்கா?" என்று கேட்டது. ஆறு வயதுக்குள் அந்தக் காட்சிகளைக் கண்ணில் காட்டவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்குத் தூரம் தெரியாது. செல்போனில் விழுந்த குண்டு தெருமுனையில் விழுந்த குண்டுதான். ஆனால் பார்த்துவிட்டுக் கேட்டால், பொய் சொல்லக் கூடாது. கேட்டதற்கு மட்டும், சின்னதாக, உண்மையாக. "எனக்குத் தெரியல கண்ணு. அந்தப் பாப்பாவ டாக்டர்ங்க பாத்துக்கிடுதாங்க. இது ரொம்பத் தூரத்துல நடக்கு. உங்க அம்மா சாயங்காலம் வருவாங்க." அந்தப் பிள்ளைக்குக் கடைசி வாக்கியம்தான் வேண்டியிருந்தது.

புறநானூற்றில் கோவூர் கிழார் பாடிய ஒரு பாட்டு உண்டு. மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடறிக் கொல்லக் கிள்ளிவளவன் கொண்டுவந்து நிறுத்துகிறான். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தவர்கள், யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். மன்றத்தில் கூடியிருக்கும் புதிய முகங்களை மிரண்டு மிரண்டு பார்க்கிறார்கள். தங்களைக் கொல்லப்போவதே அந்த யானைதான் என்று தெரியாது. புலவர் அரசனிடம் அறம் எது என்று நீட்டி முழக்கவில்லை. உன் முன்னோர் யார், இவர்களின் முன்னோர் யார் என்று சொல்லி, இந்தப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டி, கேட்டாயானால் இனி உன் விருப்பம் போலச் செய் என்று முடித்துவிடுகிறார். ஆயிரத்து எண்ணூறு ஆண்டு போலக் கழித்தும் அந்தப் பாட்டைப் படிக்கும்போது எனக்கு உடம்பு பதறுகிறது. என் பிள்ளைகள் கோயில் யானையைப் பார்க்கும் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்ல மாட்டேன். ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குச் சடாகோவின் கதையைச் சொல்வேன், ஆகஸ்ட் 6-ம் தேதி ஒட்டி. ஹிரோஷிமாவில் 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. உடம்பில் காயமில்லாமல் தப்பி, ஓட்டப்பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பத்து வருடம் கழித்து ரத்தப் புற்று. ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்று மருத்துவமனையில் மடித்தாள். 1955 அக்டோபரில், பன்னிரண்டு வயதில் இறந்தாள். ஆயிரத்தை எட்டும் முன்னே இறந்துவிட்டாள், மீதியைத் தோழிகள் மடித்தார்கள் என்றுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகமும் குடும்பத்தாரும் சொல்வது வேறு: அவள் ஆயிரத்தைத் தாண்டினாள், தாண்டிய பிறகும் மடித்துக்கொண்டே இருந்தாள். இதைப் பிள்ளைகளிடம் மாற்றாமல் சொல்ல வேண்டும். ஆயிரம் மடித்து முடித்தும் அவள் பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மடித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் எந்தப் பிள்ளை மனதிலும் தங்கிவிடக் கூடாது. குண்டு போட்டது பெரியவர்கள். அதற்குக் காகிதம் மடித்து ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு குழந்தைக்குக் கிடையாது.

கதை அங்கே முடியவும் இல்லை. அவளுடைய வகுப்புத் தோழர்கள் ஒரு சிலை வைக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள், ஜப்பான் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். 1958 மே 5-ல் திறந்த அந்தச் சிலையின் கீழ், இது எங்கள் கூக்குரல், இது எங்கள் வேண்டுதல், உலகில் சமாதானத்தைக் கட்ட என்று செதுக்கியிருக்கிறார்கள். கூக்குரல் என்ற சொல்லை நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன். கொக்கு மடிப்பதற்கு முன்பாகக் கடிதம் எழுதச் சொல்வேன், யாருக்கு வேண்டுமானாலும். சென்ற முறை ஒரு பையன் தன் தெருவில் குடித்துவிட்டுச் சண்டை போடும் மாமாவுக்கு எழுதினான். அஞ்சல் செய்யலாமா என்று என்னிடம் கேட்டான். அம்மாவிடம் கேட்டுக்கொள் என்றேன். அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

1931 அக்டோபரில் காந்தி லண்டனில் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் பேசினார். உலகத்தில் உண்மையான சமாதானத்தைக் கற்பிக்க வேண்டுமானால் குழந்தைகளிடமிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் சொன்னதை எல்லாப் பள்ளி ஆண்டுமலரிலும் போடுகிறார்கள். அதே பேச்சில், இந்தப் பயிற்சி பணக்காரர் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதை யாரும் போடுவதில்லை. ரோமில் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வகுப்பு, நம் நகரங்களில் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கான வகுப்பாகிவிட்டது. எங்கள் பள்ளிக்கும் கட்டணம் உண்டு.

தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள், நல்ல காரியம். நான் சில மையங்களுக்குப் பேசப் போகிறேன். அங்கே பிங்க் டவர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூழாங்கல் ஆற்றில் கிடக்கிறது, பாய் எல்லா மையத்திலும் இருக்கிறது. மழை பார்க்கப் போனேன் என்று அந்தப் பையன் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது, அந்தப் பத்து நிமிடமும் நான் வேறு எங்கும் ஓட வேண்டியிருக்கவில்லை. வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்தார். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்கப் போக வேண்டும். உதவியாளர் இல்லாத மையத்தில் சமையலும் அவர் தலையில். அந்த அறையில் இரண்டு பிள்ளைகள் சண்டையிட்டால் அதட்டி உட்காரவைப்பதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? செப்டம்பரில் அமைதி தினம் கொண்டாடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதற்கு முன்னால் காலியாகக் கிடக்கும் உதவியாளர் இடங்களை நிரப்புங்கள், பதிவேடுகளைப் பாதியாகக் குறையுங்கள்.